ஆற்று மணலும் கிணற்று நீரும்: சொர்ணமுகிக் கரையில் ஓர் ஆய்வு

திருப்பதிக்கு வரும் யாத்திரிகர்களுள் பலர் சொர்ணமுகி ஆற்றைக் கடந்தே செல்கின்றனர். ஆயினும் ஓர் ஆற்றைக் கடந்ததாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆண்டில் பெரும் பகுதி பாலத்தின் அடியில் மணலும் சரளையும் சீமைக் கருவேலும் மட்டுமே காணப்படும். தமிழ் மரபில் பொன்முகலி என்று வழங்கப்படும் இவ்வாறு, பாகாலைக்கு அருகேயுள்ள குன்றுகளில் தோன்றி, சந்திரகிரி, திருச்சானூர், ஏர்ப்பேடு, காளத்தி வழியாகச் சென்று நாயுடுப்பேட்டைக்கு அப்பால் வங்கக் கடலில் கலக்கின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்ட பின்னர், ஆற்றின் பெரும் பகுதி ஒரே மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வந்துள்ளது.

வெளியில் வறண்டு காணப்படும் இந்த ஆறு உள்ளே வறண்டதன்று. மழைக் காலத்தில் சில நாட்களே ஓடும் வெள்ளம் மணலுக்குள் இறங்கித் தங்கி, அடுத்த பல மாதங்களுக்குக் கரையோரக் கிணறுகளை ஊட்டுகின்றது. கட்டடத் தொழிலுக்கு வேண்டிய மணலும் சரளையும் இதே படுகையிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு பயன்கள் இருந்து, ஒன்று மற்றொன்றை அழிக்குமாயின், அங்கு நிர்வாகத்தின் பணி தொடங்குகின்றது.

இப்பூசல் எந்த அளவுக்குச் செல்லக்கூடும் என்பதை 2017 ஏப்ரல் 21ஆம் நாள் காட்டியது. சொர்ணமுகியில் மணல் எடுப்பதால் தங்கள் நிலத்தடி நீர் குறைகின்றது என்று முறையிட, சிற்றூர் மக்கள் திரண்டு ஏர்ப்பேடு காவல் நிலையத்துக்கு வந்திருந்தனர். அப்பொழுது கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று கூட்டத்தினுள் புகுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிகழ்ந்தது சாலை விபத்து. எனினும் அவ்வளவு உழவர்கள் வேலை நாளில் வயலை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்து நின்றதற்குக் காரணம் அவர்களுடைய கிணறுகளே.

பாறை நாட்டில் மணலின் இடம்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இதில் பங்கு கொள்கின்றன. மழை குறைவென்று சொல்வதற்கில்லை. அதைத் தாங்கி வைத்துக்கொள்ளும் நிலமே குறைவு. மாவட்டத்தின் பெரும் பகுதி மிகத் தொன்மையான கருங்கல், நைஸ் பாறைகளால் ஆனது. மேலே சில மீட்டர் முதல் இருபது மீட்டர் வரை சிதைந்த பாறை, அதன் கீழே வெடிப்புகள், அவற்றுக்கும் கீழே நீர் புகாக் கெட்டிப் பாறை என்பதே பொதுவான அமைப்பு.

ஒரு நில அடுக்கு நீரால் நிறைந்திருக்கையில், அதிலிருந்து தானாக வடிந்து கிணற்றுக்கு வரக்கூடிய நீரின் பங்கை ‘நீர் விடுதிறன்’ என்று கூறலாம். நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997இல் வகுத்த அளவுகோலின்படி, மணற்பாங்கான வண்டலுக்கு இது 16 விழுக்காடு. களி கலந்த சிதைந்த கருங்கல்லுக்கு 1.5 விழுக்காடு. அதாவது, நூறு கன மீட்டர் ஆற்று வண்டல் பதினாறு கன மீட்டர் நீரைத் தரும்; அதே அளவு சிதைந்த பாறை ஒன்றரை கன மீட்டர்தான் தரும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், இக்கட்டுரையின் பிற பகுதிகள் எளிதில் விளங்கும்.

முன்னோர் இதைக் கணக்கிடாமலே அறிந்திருந்தனர். சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்படுவதற்கு முன், அதன் பெரும் பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. பாலாறு முதலிய வட ஆர்க்காட்டு மணலாறுகளில், வெள்ளம் வடிந்த பின் படுகையில் நீளவாட்டில் ஊற்றுக்கால் வெட்டி, கசிந்து சேரும் நீரை ஏரிக்கோ வயலுக்கோ கொண்டு செல்வது நெடுநாள் வழக்கம். ஆண்டுதோறும் மணல் மூடிவிடும். ஆண்டுதோறும் ஊரார் கூடித் தூர் வாருவர். மணலை அப்புறப்படுத்துவது அவர்கள் நோக்கமன்று. மணலுக்குள் இருக்கும் நீரை வெளிக்கொணர்வதே நோக்கம். இன்றைய குடிநீர்த் திட்டங்களின் ஊற்றுக் கிணறுகளும் உறைகிணறுகளும் அந்த முறையின் தொடர்ச்சியே ஆகும்.

ஒரு கணக்கு

ஆற்றில் ஒரு கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம் கொண்ட பகுதியில் இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மணல் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். எடுக்கப்படும் மணல் 4,00,000 கன மீட்டர். அந்த மணல் ஒரு முறை நீரால் நிறைந்திருந்தால், அதிலிருந்து வடியக்கூடிய நீர் 64,000 கன மீட்டர், அதாவது 6 கோடியே 40 லட்சம் லிட்டர். ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் கொள்ளப்படும் அளவான, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பதைக் கொண்டு பார்த்தால், இது ஏறத்தாழ 3,200 பேருக்கு ஓராண்டுக்குப் போதுமான நீராகும். அதே நீரைச் சிதைந்த பாறையில் தேக்க வேண்டுமாயின் 42 லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான பாறை அடுக்கு வேண்டும். மேலும், மணல் ஒரு பருவத்தில் ஒரு முறை மட்டும் நிறைவதன்று. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நிறைந்து, கிணறுகளுக்குக் கொடுத்து, மீண்டும் நிறையும்.

இங்கு ஒரு மறுப்பைக் கருத வேண்டும். மணல் எடுத்த பள்ளத்தில் நீர் நிற்கின்றதே, ஒரு கன மீட்டர் பள்ளம் ஒரு கன மீட்டர் நீரைக் கொள்ளுமே, ஆகவே தேக்கம் அதிகரிக்கத்தானே செய்கின்றது என்று சில பொறியாளர்களும் பல குத்தகைதாரர்களும் கேட்பதுண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே தனித்த ஒரு பள்ளத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் எண்ணளவில் தவறன்று. ஆனால் அந்நீர் புதிதாக வந்ததன்று. ஏற்கெனவே மணலுக்குள் இருந்தது, இப்பொழுது வெயிலுக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. மணலின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்ட நீர் மிகக் குறைவாகவே ஆவியாகும். திறந்த நீர்ப்பரப்போ, ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் இழப்பதாகக் கொண்டால், ஒரு ஹெக்டேர் பள்ளத்தில் ஆண்டு முழுவதும் நீர் நின்றால் 15,000 கன மீட்டர் ஆகாயத்துக்குச் செல்லும். வெள்ளம் கொண்டுவரும் நுண்ணிய வண்டல் பள்ளத்தின் அடியில் படிந்து, சில பருவங்களில் நீர் இறங்கும் வழியையும் அடைத்துவிடும்.

படுகை முழுவதும் ஒரு சீராகத் தாழ்த்தப்படும்பொழுது அந்த வாதமும் நிற்காது. அங்கே பள்ளம் என்று ஒன்று இல்லை. ஆறே கீழே இறங்கியுள்ளது. வெள்ளம் தங்காமல் ஓடிவிடுகின்றது.

கிணற்றில் நிகழ்வது என்ன

கரையோரக் கிணற்றின் நீர்மட்டம் ஆற்றின் மட்டத்தோடு பிணைக்கப்பட்டது. வெள்ளக் காலத்தில் ஆறு கரை நிலத்துக்கு நீரை ஊட்டும். வெள்ளம் வடிந்தபின் கரை நிலம் ஆற்றுக்கு நீரைத் திருப்பும். படுகை இரண்டு மீட்டர் தாழ்ந்தால், கரை நிலத்து நீர் வடியும் வாயிலும் இரண்டு மீட்டர் தாழ்கின்றது. கரையை ஒட்டிய கிணறுகளில் ஏறக்குறைய அதே அளவும், தொலைவு செல்லச் செல்லக் குறைவாகவும் மட்டம் இறங்கும். முதலில் உலர்வன ஆழமற்ற திறந்த கிணறுகள். அவை பெரும்பாலும் சிறு உழவர்களுடையவை. வசதியுள்ளவர் ஆழ்துளைக் கிணற்றுக்குச் செல்கின்றார். பாறையில் நீர் கிடைப்பது உறுதியில்லை என்பதால் ஒன்றுக்கு இரண்டாகத் துளையிடுகின்றார். மணலுக்குக் கிடைத்த விலையில் இந்தச் செலவு எங்கும் சேர்க்கப்படுவதில்லை.

இதனோடு மணலின் வடிகட்டும் பணியும் உண்டு. கிராமத்தின் கழிவு கலந்த ஆற்று நீர் சில பத்து மீட்டர் மணலைக் கடந்து ஊற்றுக் கிணற்றுக்கு வருகையில் கலங்கல் நீங்கி, நோய்க் கிருமிகள் பெருமளவு குறைந்திருக்கும். மணல் அடுக்கு மெலிந்தால் இந்த இலவசச் சுத்திகரிப்பும் மெலியும். பள்ளத்துக்குள் நின்று வேலை செய்யும் பொக்லைனிலிருந்து சொட்டும் டீசலையும் எண்ணெயையும் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கரையோரச் சரளைக் குழிகள் வேறு வகையானவை. ஆற்றின் பழைய போக்கில் படிந்த சரளையை எடுக்க, கரைக்கு வெளியே உள்ள நிலத்தில் ஆழமாகத் தோண்டி, ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்து, உலர்ந்த அடித்தளத்தில் வேலை செய்கின்றனர். அவ்வாறு இறைக்கப்படும் குழி, பெயரளவில் சுரங்கம். செயலளவில் மிகப் பெரிய கிணறு. அதைச் சுற்றி நீர்மட்டம் புனல் வடிவில் தாழும். இந்தப் புனலின் ஆரத்தை முதல் மதிப்பீடாகக் காண, பொறியாளர்கள் சிகார்ட் என்பவரின் அனுபவச் சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றனர்: நீர்மட்டத் தாழ்வை மீட்டரிலும், நீர் ஊடுருவும் வேகக் கெழுவை வினாடிக்கு மீட்டரிலும் கொண்டு, தாழ்வை 3,000ஆலும் கெழுவின் வர்க்க மூலத்தாலும் பெருக்க வேண்டும். கெழு நாளொன்றுக்கு 30 மீட்டர் உள்ள மணற்சரளையில், நீரை இரண்டு மீட்டர் தாழ்த்தினால் ஆரம் ஏறத்தாழ 110 மீட்டர்; நான்கு மீட்டர் தாழ்த்தினால் ஏறத்தாழ 220 மீட்டர்.

இச்சூத்திரம் எல்லாத் திசைகளிலும் பரந்த மணலுக்கு உரியது என்பதை மாணவர்கள் மறத்தல் கூடாது. சொர்ணமுகி போன்ற ஆறுகளில் வண்டல், பாறைகளுக்கிடையே ஒடுங்கிய பட்டை. பக்கவாட்டில் பரவும் புனல் விரைவில் பாறையை முட்டும். அதன்பின் ஆற்றின் போக்கிலேயே மேலும் கீழுமாக நீளும். எனவே குழிக்கு நேர் எதிரே உள்ள கிணறு தப்பி, அரைக் கிலோமீட்டர் கீழே உள்ள கிணறு வற்றுவதும் நிகழக்கூடும். உழவர் முறையீட்டை, ‘இவ்வளவு தொலைவில் பாதிப்பு இருக்க இயலாது’ என்று கோப்பில் எழுதி முடித்துவிடும் அலுவலர் இதைக் கருத்தில் கொள்வது நன்று.

மணல் எங்கிருந்து வருகின்றது

எடுத்த மணல் அடுத்த வெள்ளத்தில் வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஓரளவு உண்மையும் அதில் உண்டு. ஆனால் மணல் மலைச் சரிவிலிருந்து பெருவெள்ளத்தில்தான் பெயர்ந்து வரும். எல்லா ஆண்டுகளிலும் பெருவெள்ளம் வருவதில்லை. சொர்ணமுகியின் கிளையான கல்யாணி ஆற்றில் 1977இல் அணை கட்டப்பட்டது; திருப்பதிக்குக் குடிநீர் தரும் அந்த அணை, கிளையாற்று மணலைத் தன் பின்னே நிறுத்திக்கொள்கின்றது. சிற்றோடைகளில் எழுந்துள்ள தடுப்பணைகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சிறிது நிறுத்துகின்றன. நீர்ப் பாதுகாப்புக்காகக் கட்டியவையே மணல் வரவைக் குறைக்கின்றன என்பது இத்துறையின் முரண்களுள் ஒன்று. மணலை இழந்த வெள்ளம் தன் ஆற்றலைப் படுகையையும் கரையையும் அரிப்பதில் செலவிடும். அமெரிக்க ஆய்வாளர் கோண்டால்ப் 1997இல் இதனைப் பசித்த நீர் என்று குறிப்பிட்டார்.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சொர்ணமுகி கரைபுரண்டது. திருப்பதியைச் சுற்றிப் பாலங்கள் சேதமுற்றன. வெள்ளத்தின் அளவே முதற்காரணம். எனினும் பாலத் தூண்களின் அருகே படுகை தாழ்ந்திருந்தால் அரிப்பு எளிதாகும் என்பது பாலப் பொறியியலின் தொடக்கப் பாடம்.

விதிகள் கூறுவன

சட்டம் இல்லை என்று எவரும் கூற இயலாது. மணலும் சரளையும் 1957ஆம் ஆண்டின் சுரங்க, கனிமச் சட்டத்தில் சிறு கனிமங்கள். அவற்றுக்கு விதி செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரி 27ஆம் நாள் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னர் 2016இலும் 2020இலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மணல் எடுப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாவட்ட ஆய்வறிக்கை, மணல் மீள்வரவு ஆய்வு ஆகியவை இவற்றின் வழியே வந்தவை.

ஆந்திரப் பிரதேசத்தின் 2002ஆம் ஆண்டு நீர், நிலம், மரங்கள் சட்டமும் அதன் விதிகளும் இவற்றுக்கெல்லாம் முந்தியவை; சில வகைகளில் இவற்றைவிடத் தெளிவானவை. சிற்றோடைகளில் உள்ளூர்த் தேவைக்கு அப்பால் மணல் எடுத்தலாகாது. அளவுக்கு மீறி நீர் இறைக்கப்படும் வடிநிலங்களில் எடுத்தலாகாது. பாலம், அணை முதலியவற்றிலிருந்தும் குடிநீர், பாசனக் கிணறுகளிலிருந்தும் 500 மீட்டருக்குள் எடுத்தலாகாது. மணலின் தடிப்புக்கு ஏற்ப ஆழம் வரையறுக்கப்பட வேண்டும். மேலே கண்ட கணக்கையும் 500 மீட்டர் விதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த எல்லை வீண் கண்டிப்பன்று என்பது புலனாகும்.

மணலை எவ்வாறு விற்பது என்பதில் மாநிலக் கொள்கை பலமுறை மாறியுள்ளது. 2016இல் இலவச மணல்; 2019இல் அரசுக் கழகத்தின் வழியே விற்பனை; 2021இல் தனியார் முகமை; 2024 ஜூலையில் மீண்டும் இலவசம். தமிழ்நாட்டில் 2003 அக்டோபர் முதல் குவாரிகளைப் பொதுப்பணித் துறையே ஏற்றது. விலை யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு இவை விடை தரலாம். ஆற்றில் எவ்வளவு மணல் உள்ளது என்ற கேள்விக்கு இவற்றுள் எதுவும் விடையாகாது. அரசியல் விவாதம் முதற் கேள்வியிலேயே நின்றுவிடுவதால், இரண்டாம் கேள்வி அளவைச் சங்கிலியும் கையுமாக நிற்கும் கீழ்நிலை அலுவலருக்கு விடப்படுகின்றது.

அளந்து அறியும் முறை

பாதிப்பு உண்டா இல்லையா என்ற வாதத்தை முடிக்கக் கூடியது அளவீடு ஒன்றே. அது குத்தகை தொடங்கிய பின் தொடங்கினால் பயனில்லை. குறைந்தது ஒரு முழு நீராண்டு, அதாவது ஒரு ஜூன் முதல் அடுத்த மே வரை, முன்னதாகவே கிணற்று மட்டங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

ஆற்றுக்குக் குறுக்கே இரு கரைகளிலும் 50, 150, 400 மீட்டர் தொலைவுகளில் கண்காணிப்புக் கிணறுகள். ஆற்றின் போக்கில் மேலும் கீழும் சில கிணறுகள். பாதிப்பு எட்டாத தொலைவில், அதே மண்ணும் அதே மழையும் உள்ள இடத்தில் ஓர் ஒப்பீட்டுக் கிணறு. இந்த ஒப்பீட்டுக் கிணறே அமைப்பின் உயிர்நாடி. சான்றாக, சனவரியிலிருந்து மே வரை ஒப்பீட்டுக் கிணற்றில் மட்டம் 1.5 மீட்டர் இறங்கியது, குழிக்கு அருகிலுள்ள கிணற்றில் 3.5 மீட்டர் இறங்கியது என்று கொள்வோம். 1.5 மீட்டர் கோடையின் கணக்கு. எஞ்சிய 2 மீட்டருக்குக் குழி விடை சொல்ல வேண்டும். ஒப்பீடு இல்லாவிடில் உழவர் 3.5 மீட்டரையும் குழியின் மேல் சுமத்துவார், குத்தகைதாரர் 3.5 மீட்டரையும் வெயிலின் மேல் சுமத்துவார்.

எவ்வளவு வேறுபாடு எழுந்தால் எச்சரிக்கை, எவ்வளவு எழுந்தால் வேலை நிறுத்தம் என்பது குத்தகை ஆவணத்திலேயே எண்ணால் எழுதப்பட வேண்டும். வற்றிய கிணற்றுக்கு மாற்று நீர் அளிக்கும் பொறுப்பும் அதில் இடம்பெற வேண்டும். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அமைந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைகளின் நிதியில் குடிநீருக்கு முன்னுரிமை உண்டு; ஆனால் கிணறு வற்றிய வாரத்தில் அந்நிதி ஊருக்கு வந்து சேர்வதை எதிர்பார்க்க இயலாது.

மணலுக்கும் இவ்வாறே. கரையில் நிலையான கற்றூண்கள் நட்டு, பருவத்துக்கு முன்னும் பின்னும் ஆற்றின் குறுக்கு வெட்டை அளந்தால் வரவு தெரியும். வரவில் ஒரு பகுதிக்குமட்டும் அனுமதி. வரவு இல்லாத ஆண்டில் அனுமதி இல்லை. குழிகளைப் பொறுத்தவரை, நீர்மட்டத்துக்கு மேலே ஓர் அடுக்கை விட்டு நிறுத்துதல், நீரை இறைக்காமல் எடுத்தல், இறைக்கவே நேர்ந்தால் அந்நீரை ஓடையில் விடாமல் கிணறுகளுக்கும் குழிக்கும் இடையே வெட்டிய கசிவுக் கால்வாயில் விடுதல் ஆகியவை செலவு குறைந்த முறைகள். கலிபோர்னியாவில் காச் கிரீக் என்னும் ஓடையில் பல பத்தாண்டுகள் சரளை எடுத்துப் படுகை தாழ்ந்த பின், 1996இல் ஓடைக்குள் வணிக நோக்கில் எடுப்பதை நிறுத்தி, கரைக்கு வெளியே உள்ள குழிகளுக்கு அதனை மாற்றினர். அங்கு அகன்ற வண்டல் சமவெளி உண்டு. சொர்ணமுகியின் ஒடுங்கிய பட்டையில் அம்மாற்றத்தை அப்படியே பின்பற்றுவதற்கில்லை. இங்கு மாற்று, கருங்கல்லை உடைத்துப் பெறும் எம்-சாண்ட் ஆகவே இருக்கக்கூடும்; கருங்கல்லுக்கு இம்மாவட்டங்களில் பஞ்சமில்லை, கல் அரவை ஆலைகளின் தூசிக்கும் பஞ்சமிராது.

எல்லையைக் கடக்கும் மணல்

சொர்ணமுகி ஒரே மாநிலத்தில் ஓடி முடிகின்றது. அதன் தெற்கே உள்ள ஆரணியாறு அவ்வாறன்று. பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பெரியபாளையம், பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டில் முடிகின்றது. இதன் படுகையும் கொசத்தலையாற்றின் படுகையும் சேர்ந்த வண்டலில்தான், 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட ஆய்வுக்குப் பின் சென்னைக் குடிநீருக்கான கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல் நீர் உட்புகுந்தது. அதனை எதிர்க்கும் நன்னீர் அழுத்தம் மேற்பகுதி வண்டலின் ஊட்டத்தைப் பொறுத்தது. 2023இல் ஆரணியாற்றின் ஆந்திரப் பகுதி மணல் குத்தகைகள் பற்றித் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு விசாரித்து, குத்தகைதாரர் இழப்பீடு செலுத்த ஆணையிட்டது. ஊத்துக்கோட்டை எல்லைக்கு இருபுறமும் ஒரே மணலில் இறங்கியுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் மட்டங்கள் இரு மாநிலத் துறைகளின் இரு வேறு பதிவேடுகளில் எழுதப்படுகின்றன. அவற்றை ஒரே தாளில் அடுத்தடுத்து வரைந்து பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இரு அலுவலகங்களுக்கிடையே ஆண்டுக்கு இரு கடிதங்கள் போதும்.